மர்ஜானாவுக்கு வாங்கிய பொன்னாடை

அல் கோபார்
1 பிப்ரவரி 2025

அன்புள்ள தாரிணிக்கு,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ பட்டென்று வைத்துவிடுகிறாய். போன வாரமும் அப்படித்தான் ஆயிற்று. "ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க, எழுதுனா பக்கத்து வீட்டுக்குக் கேக்காது" என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள். அதனால் இந்த மெயில். தமிழில் தட்டச்சு செய்ய என் மகள் மஹதிதான் சொல்லிக்கொடுத்தாள்.

நாங்கள் தோற்றுவிட்டோம். நம் கோபார் தமிழ்க் கூடலில் இத்தனை வருஷமாகத் தேர்தல் என்று ஒன்று நடந்ததே இல்லை. யார் கையில் நேரம் இருக்கிறதோ அவர் செயலாளர், அவ்வளவுதான். இந்தப் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைப்பதா, பாலம் தாண்டி பஹ்ரைனிலிருந்து இன்னிசைக் குழுவைக் கூப்பிடுவதா என்று ஒரு சின்னப் பேச்சு வந்தது. அதிலிருந்து பட்டிமன்ற அணி, இன்னிசை அணி என்று ஊரே இரண்டாகிவிட்டது. அவர்கள் வீட்டுப் பிறந்த நாளுக்கு நாங்கள் போவதில்லை, எங்கள் வீட்டு வளைகாப்புக்கு அவர்கள் வரவில்லை. கடைசியில் பாலமுரளி ஜெயித்துச் செயலாளராகிவிட்டான். உன் அண்ணி பிரபாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, இந்த ஊருக்கே நான் கூட்டிவந்தவன், மேடையில் என்னைப் பார்த்து "பழைய நிர்வாகம்" என்கிறான்.

ஆனால் உன் அண்ணன் சும்மா இறங்கிவிடவில்லை. பதவியில் இருந்த கடைசி நாளில் எங்கள் குழு எல்லாப் பொறுப்புகளையும் மூன்று வருஷத்துக்கு நிரப்பிவிட்டது. நூலகம், விளையாட்டு, எல்லாவற்றிலும் நம் ஆட்கள். வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன் சிநேகிதி மர்ஜானாவைப் பொறுப்பாளராகப் போட்டேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். நடுவர் என்று ஒரு பதவியும் உண்டாக்கினோம். சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்பவர். அதற்குக் கால வரம்பு கிடையாது. அது நான்தான்.

ஒரே ஒரு சிறிய சங்கடம். மற்ற எல்லாருக்கும் நியமனக் கடிதம் போய்ச் சேர்ந்தது. மர்ஜானாவுடையது மட்டும் கிளப் ஹவுஸ் மேஜைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆறு வருஷம் பாடம் சொன்னவளுக்குச் சும்மா கையில் நீட்டினால் நன்றாகவா இருக்கும்? பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, மேடையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பொன்னாடை வாங்க பஹ்ரைன் போன நம் அணிப் பையன் ராஜிக், பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டான். அதற்குள் காம்பவுண்ட் கேட்டில் அவளுக்குக் கொடுத்த நேரம் முடிந்ததால் அவள் போய்விட்டாள். மறுநாள் சாவி, முத்திரை, மேஜை எல்லாம் பாலமுரளி கைக்குப் போயிற்று. கடிதத்தைத் தர மாட்டேன் என்கிறான்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ரோஹித் நன்றாகப் படிக்கிறானா?

அன்புடன்
அண்ணன் கோபாலசாமி


துபாய்
3 பிப்ரவரி 2025

அண்ணாவுக்கு,

உங்கள் மெயிலை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரி "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள். வீட்டில் இல்லை, அமெரிக்காவில் என்றேன்.

ஏன் தெரியுமா? பதினொன்றாம் வகுப்புக்கு இந்த வாரம் நான் நடத்துவதே இதைத்தான். அந்த நாடு தொடங்கியபோது கட்சியே வேண்டாம், கட்சி என்பது நாட்டைத் தின்னும் நோய் என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொன்ன வாயோடு அவர்களே இரண்டு கட்சி கட்டினார்கள். ஒருவர் நடத்தும் பத்திரிகையை மற்றவர் வீட்டில் வாங்க மாட்டார்கள். 1800 தேர்தலில் ஃபெடரலிஸ்ட் கட்சியின் ஜான் ஆடம்ஸ் தோற்று, எதிர்க்கட்சியின் ஜெஃபர்சன் ஜெயித்தார். தோற்றவர் என்ன செய்தார்? வீட்டைக் காலி செய்வதற்குள் நீதிபதி பதவிகளை எல்லாம் தன் ஆட்களைப் போட்டு நிரப்பினார். கடைசி ராத்திரி வரைக்கும் கையெழுத்துப் போட்டார்.

அந்த நியமனங்களுக்கு முத்திரை வைத்து அனுப்ப வேண்டியவர் அவருடைய அமைச்சர் ஜான் மார்ஷல். அதே ஆளைத்தான் தலைமை நீதிபதியாகவும் போட்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு நாற்காலி. அவசரத்தில் மார்ஷல் சில கடிதங்களை அனுப்பாமல் விட்டுவிட்டார். மறுநாள் ஜெஃபர்சன் வந்தார், மேஜையில் கிடந்ததைப் பார்த்தார், கொடுக்காதே என்றார். மார்ஷலும் ஜெஃபர்சனும் தூரத்துச் சொந்தம் வேறு. கடிதம் கிடைக்காதவர்களில் ஒருவர் மார்பரி. அவர் வழக்குப் போட்டார். வழக்கு யார் முன்னால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? கடிதத்தை அனுப்ப மறந்த அதே மார்ஷல் முன்னால்.

என் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அண்ணா. அருவருப்பாக இருக்கிறது. பட்டிமன்றமா பாட்டா என்று அடித்துக்கொள்கிறீர்கள். இரண்டு அணியிலும் ஒருவர்கூட அந்த வகுப்பில் போய் ஒரு நாள் உட்கார்ந்தது இல்லை.

மர்ஜானாவுக்கு அந்தக் கடிதம் எதற்கு என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் கோபாரில் இருந்த வருஷங்களில் வாரா வாரம் பார்த்திருக்கிறேன். நம் காம்பவுண்டுக்குள் வெளியாள் நுழைய, கேட்டில் ஒரு குடியிருப்பாளர் போன் செய்து 'என் விருந்தாளி' என்று சொல்ல வேண்டும். அவள் பைநிறையப் புத்தகத்தோடு கறுப்பு அபாயா அங்கியில் வெயிலில் நிற்பாள். அண்ணி குளித்துவிட்டு வந்து போனை எடுக்கும்வரை நிற்பாள். நம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்க வந்தவள் ஆறு வருஷமாக விருந்தாளி. பொறுப்பாளர் என்றால் கேட்டில் காவலாளி வைத்திருக்கும் பட்டியலில் அவள் பெயர் நிரந்தரமாக ஏறும். அவள் கேட்பது அது ஒன்றுதான்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்றுதான். 'கடிதம் தயாராக இருந்தது, கொடுக்காமல் விட்டது என் தப்பு' என்று பொதுவில் சொல்லுங்கள். பாலமுரளி வெட்கப்பட்டாவது கொடுப்பான்.

தாரிணி


அல் கோபார்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தாரிணிக்கு,

உன் கடிதத்தைப் பிரபாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த மார்ஷல் பெரிய ஆள்தான் போலிருக்கிறது. அமெரிக்காவிலேயே இப்படி நடந்திருக்கிறது என்றால் நாம் எம்மாத்திரம்?

நீ சொல்வது போலப் பொதுவில் தப்பு என்று சொல்வதெல்லாம் நடக்காது அம்மா. பொன்னாடைக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் இன்னிசை அணி என்னை வைத்தே ஒரு பாட்டுக் கட்டிவிடும். புதிதாக ஒன்று எழுதிக் கொடுக்கலாம் என்றால் முத்திரை அவனிடம். கேட்டுப் பட்டியலும் செயலாளர் கையெழுத்தோடுதான் காம்பவுண்ட் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

இன்னொரு செய்தி. மர்ஜானா முறையாக மனுக் கொடுத்துவிட்டாள். நீ ஏதாவது சொல்லிக்கொடுத்தாயா? எங்கள் விதி ஒன்பதில், நடுவர் உத்தரவு போட்டால் செயலாளர் கேட்டே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். அதனால் மனு என்னிடம் வந்திருக்கிறது. பாலமுரளி இப்போதே "அந்தாளு உத்தரவு போட்டா நான் குப்பையில போடுவேனுங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். உத்தரவு போட்டு அவன் கேட்காவிட்டால் நடுவர் பதவி நாறிவிடும். போடாவிட்டால் பயந்துவிட்டேன் என்பார்கள். மர்ஜானாவின் வீட்டுக்காரர் ஹசன் அலியின் பக்காலாவில், அந்த மளிகைக் கடையில், சாமான் வாங்கப் போனால் மனிதர் என் முகத்தையே பார்க்கிறார்.

அது இருக்கட்டும். அந்த மார்ஷல் கடைசியில் என்ன தீர்ப்புச் சொன்னார்? நீ பாதியில் விட்டுவிட்டாய். விவரமாக எழுது.

அண்ணன்


துபாய்
12 பிப்ரவரி 2025

அண்ணாவுக்கு,

மர்ஜானாவுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊர் முழுக்க விதி பேசும்போது அவளுக்கு மட்டும் விதி படிக்கத் தெரியாதா?

மார்ஷல் கதையை முடித்துவிடுகிறேன். அவருக்கும் உங்கள் இக்கட்டுதான். கடிதத்தைக் கொடு என்று உத்தரவிட்டால் ஜெஃபர்சனும் அவருடைய அமைச்சர் மாடிசனும் மதிக்க மாட்டார்கள். நீதிமன்றம் கேலிக்கூத்தாகும். விட்டுவிட்டால் பயந்ததாக ஆகும். அவர் என்ன செய்தார் தெரியுமா? மார்பரிக்கு உரிமை இருக்கிறது என்றார். கொடுக்காதது தப்பு என்று புதிய அரசுக்கு நீளமாகப் பாடம் எடுத்தார். கடைசியில், 'ஆனால் இப்படி நேரடியாக எங்களிடம் வந்து உத்தரவு வாங்கலாம் என்று சொல்லும் சட்டப் பிரிவே அரசியல் சாசனத்துக்கு முரணானது, எனவே அது செல்லாது, எனவே எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று முடித்துவிட்டார்.

ஜெஃபர்சன் தரப்பு ஜெயித்துவிட்டது, அதனால் அவர்கள் மீறுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் எந்தச் சட்டம் செல்லும், எது செல்லாது என்று சொல்வது யார்? நீதிமன்றம். சின்ன அதிகாரம் ஒன்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பெரிய அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். அவருடைய கட்சியே செத்துப்போயிற்று, அவர் மட்டும் அசையவில்லை.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பரவசம். என் பிள்ளை ரோஹித் எழுந்து நின்று "ஜீனியஸ் மூவ்" என்கிறான். நான் கேட்டேன், "மார்பரிக்குப் பதவி கிடைச்சுதாடா?" ஒருத்தருக்கும் தெரியவில்லை, ஒருத்தரும் யோசிக்கவும் இல்லை. கிடைக்கவில்லை. அந்த நாட்டின் நீதிமன்றம் அதனால் பலமானது, எத்தனையோ நல்லதும் பின்னால் நடந்தது, நானே பாடம் நடத்துகிறேன். ஆனால் தான் மறந்த கடிதத்துக்குத் தானே நீதிபதியாக உட்கார்ந்த அந்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும்.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், நீங்கள் அப்படி உட்காராதீர்கள். இந்த மனுவை நான் கேட்க முடியாது, நானே சம்பந்தப்பட்டவன் என்று விலகுங்கள். வேறு யாராவது மூன்று பேர் முடிவு செய்யட்டும். மர்ஜானாவின் பெயர் கேட்டில் ஏற வேண்டும். அதைத் தவிர எதுவும் முக்கியமில்லை.

தாரிணி


அல் கோபார்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள தங்கைக்கு,

வெள்ளிக்கிழமை நீ இங்கே இருந்திருக்க வேண்டும்! கிளப் ஹவுஸில் உட்கார இடமில்லை. இரண்டு அணியும் சுவர் ஓரமாக எதிரும் புதிருமாக நின்றது. பாலமுரளி முன் வரிசையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் உத்தரவு போடுவேன், கிழித்துப்போடலாம் என்று வந்திருந்தான்.

நான் எழுந்தேன். நிதானமாக வாசித்தேன். 'மர்ஜானாவுக்கு இந்தப் பொறுப்பில் முழு உரிமை உண்டு.' நம் ஆட்கள் கைதட்டினார்கள். 'முத்திரை வைத்த கடிதத்தை மறைத்தது நிர்வாகத்தின் தவறு.' பாலமுரளி முகம் கறுத்தது. பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்ததைப் படித்தேன். 'ஆனால் அதைக் கொடுக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஏனென்றால் அந்த அதிகாரத்தைத் தரும் விதி ஒன்பது, பொதுக்குழுவில் வைக்காமல் சேர்க்கப்பட்டது. அது கூடலின் மூல விதிகளுக்கு முரண். ஆகவே விதி ஒன்பது செல்லாது.'

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பாலமுரளியே எழுந்து கைதட்டினான். "மாமா, நீங்க கட்சி பாக்காத மனுசனுங்க" என்றான். இனிமேல் எந்த விதி செல்லும், எது செல்லாது என்று நடுவரே சொல்லட்டும் என்று அவனே முன்மொழிந்தான். ஒருமனதாக நிறைவேறியது. அவனுக்கு என்ன கொடுத்தோம் என்று அவனுக்கே இன்னும் தெரியாது!

அன்றைக்கு வாங்கிய பொன்னாடை பிரிக்காமல் அப்படியே கிடந்தது. அதை எடுத்து வந்து எனக்குப் போர்த்தினார்கள். போட்டோ அனுப்பியிருக்கிறேன், பார். பாலமுரளியும் நானும் கைகோத்து நிற்கிறோம். ஊர் ஒன்றாகிவிட்டது.

மர்ஜானா பின்னால் உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பு முடிந்ததும் டீகூடக் குடிக்காமல் போய்விட்டாள். அவள் பக்கம்தான் நியாயம் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், அதில் அவளுக்குத் திருப்தி இருக்கும். எல்லாம் நீ சொன்ன கதைதான். உனக்குத்தான் முதல் நன்றி.

அண்ணன்


துபாய்
24 பிப்ரவரி 2025

அண்ணா,

போட்டோவைப் பார்த்தேன். சீ.

மர்ஜானாவுக்கு என்று வாங்கிய பொன்னாடையைப் போட்டுக்கொண்டு எப்படி அண்ணா சிரிக்க முடிந்தது? அந்தத் துணி வரவில்லை என்றுதானே அவள் கடிதம் மேஜைக்குள் கிடந்தது? அவளைப் பின் வரிசையில் உட்காரவைத்து, 'உனக்கு எல்லா உரிமையும் உண்டு, போய் வா' என்று சொல்லிவிட்டு, அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டீர்கள்.

நான் எழுதியது எச்சரிக்கை. நீங்கள் அதைச் சமையல் குறிப்பு மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே சமைத்திருக்கிறீர்கள். இன்று பிப்ரவரி இருபத்துநான்கு. அந்த அமெரிக்கத் தீர்ப்பு வந்ததும் இதே தேதியில்தான். வகுப்பில் தேதியைப் பலகையில் எழுதும்போது கை கூசியது.

மார்ஷலுக்காவது ஒரு நாடு இருந்தது, ஒரு சாசனம் இருந்தது. உங்களுக்கு என்ன இருந்தது? ஒரு கிளப் ஹவுஸும் ஒரு டீ பாய்லரும். இதற்கு ஒரு பெண்ணை வெயிலில் நிற்கவைக்க வேண்டுமா? பாலமுரளியின் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. அவன் எதையும் மறைக்கவில்லை, வேண்டாம் என்றால் வேண்டாம் என்றான். நீங்கள்தான் நியாயம் பேசிக்கொண்டே கதவைச் சாத்தினீர்கள்.

உங்கள் மெயிலை ரோஹித் சத்தமாகப் படித்தான். "மாமா செம்மயா பண்ணிட்டாரும்மா" என்றான். அந்தத் தமிழைத் தடங்கலில்லாமல் படிக்க கோபாரில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டேன். போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

இனி எனக்கு எழுதாதீர்கள்.

தாரிணி


அல் கோபார்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள தாரிணிக்கு,

நோன்பு முடிந்து பெருநாளும் போய்விட்டது. நீ பதில் போடவில்லை. பிரபாவும் என்னிடம் அளந்துதான் பேசுகிறாள். என் பக்கத்தையும் கொஞ்சம் கேள்.

அன்று நான் உத்தரவு போட்டிருந்தால் அவன் குப்பையில் போட்டிருப்பான். மர்ஜானாவுக்கும் கிடைத்திருக்காது, நடுவர் என்ற சொல்லுக்கும் மதிப்பு இருந்திருக்காது. கூடல் அன்றைக்கே இரண்டாக உடைந்திருக்கும். நான் செய்ததன் பலனை இப்போது பார். போன மாதம் பாலமுரளி ஒரு விதி கொண்டுவந்தான். காம்பவுண்டில் குடியிருப்பவர் பிள்ளைகளுக்கு மட்டும்தான் தமிழ் வகுப்பு, கடைக்காரர் பிள்ளைகள் வரக்கூடாது என்று. செல்லாது என்று ஒரே வரியில் அடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டான். அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் இந்த அதிகாரம் எனக்கு எங்கிருந்து வந்திருக்கும்? இப்போது அந்தப் பிள்ளைகள் எல்லோர் பெயரும் கேட்டில் இருக்கிறது.

பாடம் நடத்தத்தான் சரியான ஆள் அமையவில்லை. இன்னிசை அணியிலிருந்து ஒரு பெண் வந்து பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள்.

இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை சித்திரை விழா. முதலில் சொற்பொழிவு, அப்புறம் இன்னிசை என்று சமாதானமாகிவிட்டோம். 'அமெரிக்காவில் நீதிமன்றம் வளர்ந்த கதை' என்று நீ வந்து பேச வேண்டும். நீயே அதிகாரபூர்வ விருந்தினர், உன் பெயரைக் கேட்டில் ஏற்றியாயிற்று. மஹதி அத்தையைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அண்ணன்


துபாய்
27 ஏப்ரல் 2025

அண்ணாவுக்கு,

மேடையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாக அண்ணி சொன்னாள். ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவைக்கிறேன், பின்னால் இதையும் வேறு மாதிரி சொல்வீர்கள்.

வருகிறேன் என்று பதில் போட்டபோது மர்ஜானாவோடு வருவேன் என்று சொல்லவில்லை. தம்மாம் விமான நிலையத்தில் இறங்கி நேரே அவள் வீட்டுக்குத்தான் போனேன். "நீ போ, எனக்கு எதுக்கு அங்க?" என்றாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துப்போனேன். அந்த இழுப்புக்கு என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கேட்டில் காவலாளி பட்டியலைப் பார்த்தான். "மேடம், யூ ஓகே. திஸ் மேடம் மாஃபி" என்றான். அவள் பெயர் இல்லையாம். உங்களுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன், அவளும் கேட்டாள். "அந்த லிஸ்ட் செயலாளர் பொறுப்பும்மா, நான் தலையிட்டா நல்லா இருக்காது. நீ மட்டும் வா, கூட்டம் காத்திருக்குது." இது நீங்கள் சொன்னது. பாலமுரளிக்குப் போட்டேன். "நடுவரே அதிகாரம் இல்லைன்னு தீர்ப்புச் சொல்லீட்டாருங்க. அதை மீறி நான் எப்படிங்க சேக்கறது?" இது அவன் சொன்னது. உள்ளேயிருந்து மைக் டெஸ்ட் செய்யும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

நீங்கள் நினைத்தால் நடந்தே கேட்டுக்கு வந்திருக்கலாம். என் விருந்தாளி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணி ஆறு வருஷம் சொன்ன அதே வார்த்தை. அதற்கு எந்த விதியும் தேவையில்லை. அதுகூட உங்கள் பதவிக்குக் குறைவாகப் போய்விட்டது.

மர்ஜானா அழவில்லை. "எனக்கு இந்தக் கேட்டு பழக்கம்தான், நீ போய்ப் பேசிட்டு வா" என்று சொல்லி என் முந்தானையைச் சரி செய்துவிட்டாள். டாக்ஸியைத் திருப்பச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே ஹசன் அலி, கடைக்கு மேலே அவர்கள் வீட்டு மாடி முன்னறையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளைக் கீழே இறக்கினார். மே முதல் வெள்ளியிலிருந்து வகுப்பு அங்கேதான். யார் பிள்ளையும் வரலாம். முதல் நாளைக்கு வேண்டிய ஸ்லேட்டு, சாக்பீஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். உங்கள் அதிகாரத்தால் கேட்டில் ஏறிய கடைக்காரர் பிள்ளைகளுக்கு இனி அந்தக் கேட்டுக்கு வர வேலையில்லை.

தாரிணி


அல் கோபார்
21 ஜூன் 2025

அன்புள்ள தாரிணிக்கு,

நலமா? உனக்கு என் மேல் கோபம் இருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன். உன்னால் மட்டும்தான் முடியும்.

இங்கே கிளப் ஹவுஸில் வகுப்பு நின்றுவிட்டது. ஒரு நாள் மஹதியிடம் ஒரு பத்தியைக் கொடுத்துப் படி என்றேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித் திணறினாள், பாட்டு மட்டும் நன்றாகப் பாடுகிறாள். அப்புறம் பிரபாதான் மர்ஜானாவிடம் சேர்த்துவிட்டாள். காம்பவுண்டில் முக்கால்வாசிப் பிள்ளைகள் இப்போது அங்கேதான். "வெள்ளிக்கெழம நீங்களே கூட்டிட்டுப் போங்க, நான் கேட்டுக்குப் போன் பண்ணியே சலிச்சுட்டேன்" என்று பிரபா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

மாடியில் தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் ஆண்கள் ஏறக்கூடாது. அது அவர்கள் வீட்டு வழக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளி காலையில் கடையும் சாத்தியிருக்கிறது. காரைத் தெருவில் நிறுத்த விடுவதில்லை, எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். பாடம் இத்தனை மணிக்கு முடியும் என்ற கணக்கும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்தைத் தப்பில்லாமல் படித்தால்தான் கீழே அனுப்புகிறாள். மஹதிதான் கடைசி. கீழே ஒரு பெல் இருக்கிறது. அழுத்தினால் மேலிருந்து "யாரு?" என்று கேட்கிறார்கள். பெயரைச் சொன்னால், "இன்னும் முடிக்கல, நில்லுங்க" என்கிறார்கள்.

ஜூன் வெயில் உனக்குத் தெரியாததல்ல. கடைப் பலகைக்குக் கீழே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத்தான் நிழல். பாலமுரளியும் அவன் பையனுக்காக வந்து நிற்கிறான். யார் முன்னால் வந்து அந்த நிழலைப் பிடிப்பது என்று எங்களுக்குள் இப்போது அதுதான் போட்டி. நேற்று எனக்குத் தலை சுற்றிவிட்டது.

ஹசன் அலியிடம் கேட்டுப் பார்த்தேன். "வகுப்பு விஷயம் அவங்க பொறுப்பு சார்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். மாடிப்படிக்குப் பக்கத்தில் மூட்டை போட்டுவைத்திருக்கும் ஒரு சின்ன அறை இருக்கிறது, ஏசியும் ஓடுகிறது. அங்கே ஓர் ஓரமாக ஒரு நாற்காலி போட்டால் போதும். என் வயதுக்கு இது நியாயமான கோரிக்கைதானே? நீ ஒரு வார்த்தை சொன்னால் மர்ஜானா தட்ட மாட்டாள். உடனே பதில் போடு.

அன்புடன்
அண்ணன் கோபாலசாமி


துபாய்
22 ஜூன் 2025

அண்ணாவுக்கு,

அந்த ஏசி அறையில் உட்கார உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் உட்காரவிடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

தாரிணி